லோறன்ஸ் தங்கிப் போன இடங்கள்

வண்டியோடு வந்து தங்குகிறவர்களுக்கான காம்பிங் வாசலில் டாக்சி காத்துக்கொண்டு நின்றது. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே ஸ்டேஷனுக்குப் போயிருந்தால் ஒரு கரைச்சலும் வந்திராது. லோறன்ஸின் உடுப்புகளை எடுத்துக்கொண்டு போகலாம் என்று ஏரிக்கரைக்கு வந்ததுதான் பிழையாகப் போனது. அவர் தன்னுடைய வண்டியான வோன்மோபிலைக் கண்டதும் கைத்தடியை ஊன்றி ஊன்றிப் போய் அதன் படியில் உட்கார்ந்துவிட்டார்.

“அப்பா, எழும்புங்கோ. டாக்சி நிக்குது,” என்றாள் மகள் பிறின்சி.

“ஓம்,” என்றார் லோறன்ஸ். எழும்பவில்லை.

“இஞ்சேருங்கோ, பிள்ளை கூப்பிடுறாள் எல்லே?” தேவமலர் கணவனின் தோளைத் தொட்டாள்.

“ஓம்.”

பக்கவாதம் அவருடைய வலது கையையும் பேச்சையும் ஒன்றாகப் பிடித்திருந்தது. கால் ஓரளவுக்குத் திரும்பிவிட்டது. கை தொங்கியது. பேச்சில் மிஞ்சியது அந்த ஒரு சொல்தான். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாலும் ஓம், வேண்டாமா என்று கேட்டாலும் ஓம். நோகுதா என்றாலும் அதே. மற்றவர்கள் சொல்வது அவருக்கு விளங்குகிறது, சொல்ல நினைப்பதும் உள்ளே இருக்கிறது, வாய்க்கு வரும்போது அது மட்டுமே வருகிறது என்று டொக்டர் விளக்கியிருந்தார். பயிற்சி கொடுத்தால் கொஞ்சம் கொஞ்சமாக வரலாம். டோர்ட்மண்டுக்குக் கிட்ட ஒரு மருத்துவ விடுதியில் அதற்கு இடமும் கிடைத்திருந்தது. திங்கட்கிழமை காலையில் அங்கே கொண்டுபோய் விட வேண்டும்.

வோன்மோபில் என்பது அந்த வீட்டு வான். கட்டில், அடுப்பு, மேசை எல்லாம் உள்ளேயே உண்டு. வயதான வண்டி. வெள்ளை நிறம் மஞ்சள் பாரித்திருந்தது. யாரையாவது பிறகு அனுப்பி அதை டோர்ட்மண்டுக்கு எடுப்பிக்கலாம் என்றுதான் தாயும் மகளும் பேசி வைத்திருந்தார்கள்.

பிறின்சி கொஞ்ச நேரம் தகப்பனைப் பார்த்தாள். பிறகு வாசலுக்குப் போய் டாக்சியை அனுப்பிவிட்டு வந்தாள்.

“நான் ஓடுறன்,” என்றாள்.

“உனக்கென்ன விசரோ? இந்தப் பெரிய சாமானை நீ என்னெண்டு ஓடுவாய்?”

“என்ர லைசென்ஸுக்கு இது ஓடலாம். மெல்லமாப் போவம். ஒரு நாளில போகத் தேவையில்லை. அப்பா கனநேரம் இருக்கக்கூடாது எண்டு டொக்டரும் சொன்னவர்தானே. வழியில ரெண்டு இடத்தில படுத்து எழும்பிப் போவம்.”

“நான் இதுக்குள்ள படுக்கமாட்டன்.”

“அப்ப நீங்கள் ரெயினில வாங்கோ அம்மா,” என்றாள் பிறின்சி. கோபமாகச் சொல்லவில்லை. அவள் பல் டொக்டரிடம் வேலை செய்கிறவள். பயந்து வாயை மூடிக்கொள்பவர்களோடு பேசிப் பழகிய குரல் அவளுடையது.

லோறன்ஸ் இடது கையால் கதவுப் பிடியைப் பிடித்து, யாருடைய உதவியுமில்லாமல் எழும்பினார்.

தேவமலர் ஏறினாள்.

மூன்று வருடங்களுக்கு முன்னர், 2004ஆம் ஆண்டின் வசந்த காலத்தில், லோறன்ஸ் இந்த வண்டியை வாங்கிக்கொண்டு வந்து வீட்டு வாசலில் விட்டு ஹோர்ன் அடித்தார். குழாய்த் தொழிற்சாலையில் அவருடைய பகுதியை மூடி, ஆட்களை நேரத்தோடு ஓய்வில் அனுப்பியிருந்தார்கள். இருபது வருட இரவு வேலை அத்தோடு முடிந்தது. “தேவி, கீழ வந்து பார்!” என்று அவர் தெருவில் நின்று கூப்பிட்டது நாலாம் மாடிக்குக் கேட்டது. அவள் பல்கனியில் நின்று பார்த்தாள். கீழே இறங்கவில்லை.

“சேர்க்கஸ்காரர் மாதிரி ஊர் ஊராப் போய்ப் படுக்கிறதுக்கோ?” என்று அன்றிரவு கேட்டாள். அடுத்த நாள் முதுகு நோ என்றாள். பிறகு, கோயில் கோடைவிழாவுக்குப் பலகாரம் ஆர் செய்யிறது என்றாள். ஒவ்வொரு வருடமும் ஒவ்வொரு காரணம் இருந்தது. உண்மையான காரணத்தை மட்டும் அவள் ஒருநாளும் சொல்லவில்லை.

லோறன்ஸ் 1984இல் கிழக்கு ஜெர்மனியின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கி, மேற்குப் பக்கம் கடந்து, கடைசியில் டோர்ட்மண்டுக்கு அனுப்பப்பட்டவர். தேவமலர் அடுத்த வருடம் வந்து சேர்ந்தாள். அகதிகளுக்கான ஹைமில், தகரப் பெட்டி போன்ற அறையில் குடியிருந்தார்கள். குளிக்கும் இடம் அறைகளுக்கு நடுவே போன நடை ஓடையின் கோடியில் இருந்தது. சவர்க்காரமும் துவாயும் போட்ட பையைத் தோளில் மாட்டி, பிறின்சியை இடுப்பில் வைத்துக்கொண்டு, தெரியாத ஆண்கள் வெறும் மேலோடு போய்வருகிற அந்த ஓடையில் அவள் வரிசையில் நிற்பாள். கதவின் கொளுக்கி உடைந்திருந்தது. உள்ளே போனால் ஒரு காலால் கதவை மிதித்துக்கொண்டுதான் குளிக்க வேண்டும். லோறன்ஸ் இரவு வேலைக்குப் போய்வந்து பகலில் நித்திரை கொண்டவர். அதொன்றும் அவருக்குத் தெரியாது. சொந்தமாக வீடு கிடைத்த அன்று அவள் அந்தப் பையைக் குப்பையில் போட்டாள். இனி ஒருநாளும் பொதுக் குளியலறைக்குப் போவதில்லை என்று மனதுக்குள் சத்தியம் செய்துகொண்டாள்.

ஆகவே லோறன்ஸ் தனியாகப் போனார். கோடை பிறந்ததும் புறப்பட்டு, நின்று நின்று தெற்கே போடன்சே ஏரி வரைக்கும் போய், இலை பழுக்கும் நேரத்தில் திரும்பி வருவார். நிற்கிற இடங்களிலிருந்து ஃபோன் எடுப்பார். “தேவி, இஞ்ச ஒரு கொக்கு நிக்குது. அரை மணித்தியாலமா அசையேல்லை,” என்பார். “சாப்பிட்டீங்களோ? குளிசை போட்டீங்களோ?” என்று கேட்டுவிட்டு அவள் வைத்துவிடுவாள். கொக்கைப் பற்றி அவள் ஒன்றும் கேட்டதில்லை.

பிறின்சி வண்டியை மெதுவாகவே ஓட்டினாள். லொறிகள் கடந்து போகும்போது வண்டி ஒருதரம் ஆடி நிமிர்ந்தது. லோறன்ஸ் முன்சீற்றில் இருந்து, திரும்ப வேண்டிய இடங்களில் இடது கையை நீட்டிக் காட்டினார். தேவமலர் பின்னால் சின்ன மேசையடியில் இருந்தாள். எதிரே இருந்த அலுமாரி திறந்து மூடித் தட்டிக்கொண்டிருந்தது. சாத்துவதற்காக எழும்பியபோது உள்ளே பார்த்தாள். ஜாம் போத்தல்களில் மிளகாய்த்தூள், சரக்குத்தூள், கடுகு. ஒவ்வொன்றிலும் அவருடைய சாய்ந்த எழுத்தில் பேர் ஒட்டியிருந்தது. கோப்பைகள், குவளைகள் எல்லாம் இரண்டிரண்டாக இருந்தன. யன்னலில், வீட்டில் அவள் நிறம் மங்கிவிட்டதென்று கழற்றிப் போட்ட பூப்போட்ட திரைச்சீலை. அதை அளவாக வெட்டி, ஓரம் மடித்துத் தைத்திருந்தார். எங்கே தைத்தார், எப்போது தைத்தார் என்று அவளுக்குத் தெரியவில்லை.

பின்னேரம் நெக்கார் ஆற்றங்கரையில் இருந்த ஒரு காம்பிங்குக்குள் லோறன்ஸின் கை காட்டியது. வண்டி நிற்பதற்குள்ளேயே அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வெளியே ஓடிவந்தாள். அறுபது வயதிருக்கும். கையில் தோட்டக் கையுறை.

“லோறன்ஸ்! எங்கே போயிருந்தாய்? போன கிழமையே வரவேண்டியவன் அல்லவா!” என்று சிரித்துக்கொண்டு வந்தவள், முன்கதவு திறந்து அவர் தடியோடு இறங்கியதைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டாள். பிறின்சி நடந்ததைச் சொன்னாள். அந்தப் பெண் கையுறையைக் கழற்றிவிட்டு லோறன்ஸின் தொங்கிய கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். பிறகு தேவமலரைத் திரும்பிப் பார்த்தாள்.

“நீங்கள்தானா அது? தலைமைச் சமையல்காரி?”

தேவமலருக்கு விளங்கவில்லை.

“எங்களுக்கு எல்லாம் தெரியும்,” என்றாள் ஃபிறவ் வின்க்லர். அதுதான் அவளுடைய பெயர். “முதியோர் இல்லத்தின் முழுச் சமையலும் உங்கள் பொறுப்பு. நீங்கள் இல்லையென்றால் அங்கே ஒருவருக்கும் சாப்பாடு இல்லை. கோடையில் உங்களுக்கு லீவே தரமாட்டார்களாம். எத்தனை தரம் சொல்லியிருக்கிறான்! வரத்தான் ஆசை, விடுகிறார்கள் இல்லை என்று. ஒவ்வொரு வருடமும் உங்களைப் பார்க்கலாம் என்று நாங்கள் காத்துக்கொண்டிருந்தோம்.”

தேவமலர் அந்த இல்லத்தின் குசினியில் உருளைக்கிழங்கு உரிப்பவள், பாத்திரம் கழுவுபவள். கோடையில் அவளுக்கு நாலு கிழமை லீவு உண்டு. அதை அவள் வீட்டில் இருந்தே கழித்தாள். பிறின்சி தாயைப் பார்த்தாள். தேவமலர் ஜெர்மன் மொழியில் நன்றி என்று மட்டும் சொன்னாள். லோறன்ஸ் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மின்சார வயரை எங்கே செருகுவது என்று பிறின்சிக்குத் தெரியவில்லை. லோறன்ஸ் தடியால் தட்டிக் காட்டினார். சாய்ந்து நின்ற சில்லின் கீழே கட்டை வைக்க வேண்டும் என்பதையும் காட்டினார். அவருடைய முகத்தில் ஆஸ்பத்திரியில் இல்லாத ஒரு தெளிவு இருந்தது.

ஃபிறவ் வின்க்லர் நடக்க ஏலாதவர்களுக்கான குளியலறைக் கதவுத் திறப்பைக் கொண்டுவந்து கொடுத்தாள். தேவமலர் சவர்க்காரத்தையும் துவாயையும் ஒரு பையில் போட்டாள். பை தோளில் ஏறியதும் ஒருதரம் இறக்கிவைத்துவிட்டு மறுபடி மாட்டினாள். லோறன்ஸை மறுகையில் பிடித்துக்கொண்டு புல்லுக்கு நடுவே போன பாதையில் நடந்தாள். எதிரே தலையில் துவாய் சுற்றிய ஒரு கிழவி வந்தாள். மாலை வணக்கம் சொல்லிவிட்டுப் போனாள். அவ்வளவுதான்.

உள்ளே வெள்ளை ஓடுகள் பளிச்சென்று இருந்தன. கதவு உள்ளே பூட்டியது. சுடுதண்ணீர் உடனே வந்தது. தேவமலர் கணவனைக் கதிரையில் இருத்தி, முதுகுக்குச் சவர்க்காரம் போட்டாள். கலியாணம் முடித்த இத்தனை வருடத்தில் அவள் அவரைக் குளிப்பாட்டியது இல்லை. தண்ணீர் தலையில் விழுந்தபோது அவர் கண்ணை மூடிக்கொண்டார். இதற்குத்தானா நான் பயந்தேன் என்று அவளுக்குத் தோன்றியது. மூன்று கோடை. ஒருதரம் வந்து எட்டிப் பார்த்திருக்கலாம். ஒருதரம் அவரிடம் அந்த உடைந்த கொளுக்கியைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் முதலில் தானே போய்ப் பார்த்துவிட்டு வந்து, நல்ல பூட்டு இருக்குது தேவி, வா என்று கூப்பிட்டிருப்பார். அப்படிப்பட்ட மனிதர்தான்.

சோறும் டின்மீன் குழம்பும் வைத்து வெளியே இருந்து சாப்பிட்டார்கள். வெளிச்சம் இன்னும் போகவில்லை. பிறின்சி தகப்பனுக்குக் கரண்டியை இடது கையில் பிடிக்கக் காட்டிக்கொடுத்துக்கொண்டே கேட்டாள்.

“அம்மா, வருத்தம் வந்த அண்டைக்கு அப்பா உங்களுக்கு ஃபோன் எடுத்தவரோ? நான் அவற்ற ஃபோனில பார்த்தனான். மத்தியானம் வீட்டு நம்பருக்கு எடுத்திருக்கிறார்.”

தேவமலர் தன் கோப்பையில் இன்னும் கொஞ்சம் குழம்பை விட்டாள்.

அன்றைக்கு வீடு நிறையப் பெண்கள் இருந்தார்கள். கேவலார் மாதா கோயில் யாத்திரைக்குப் போகிற ஆட்களுக்கு றோல்ஸ் செய்துகொண்டிருந்தார்கள். எண்ணெய் கொதித்துக்கொண்டிருந்தபோது ஃபோன் அடித்தது. “தேவி, வலது கை ஒரு மாதிரி விறைக்குது. கோப்பையைப் பிடிக்க ஏலாமக் கிடக்கு,” என்றார் லோறன்ஸ். “அங்க போய்த் தனியக் கிடவுங்கோ எண்டு நானோ சொன்னனான்?” என்று கேட்டாள் அவள். பெண்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவளுக்கு நன்றாக இருந்தது. “கையை மடிச்சுப் படுத்திருப்பியள். கொஞ்சம் சரிஞ்சு எழும்புங்கோ, எல்லாம் சரிவரும். எனக்கு இஞ்ச தலைக்கு மேல வேலை.” அவர் சரி என்று சொல்லிவிட்டு வைத்தார். அவள் சொன்னபடியே போய்ப் படுத்தார். அடுத்த நாள் காலையில் பக்கத்து வண்டிக்காரர் கதவைத் தட்டிப் பார்த்து அம்புலன்ஸைக் கூப்பிட்டார். தொடங்கியவுடனே கொண்டுவந்திருந்தால் பெரும்பகுதியைக் காப்பாற்றியிருக்கலாம் என்று டொக்டர் சொன்னபோது, தேவமலர் அவருடைய சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஓம், எடுத்தவர்தான்,” என்றாள் இப்போது. “சாப்பிட்டியோ எண்டு கேட்டவர். வேற ஒண்டும் சொல்லேல்லை.”

“ஓம்,” என்றார் லோறன்ஸ்.

தேவமலர் நிமிர்ந்து பார்த்தாள். அவர் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து, கரண்டியில் ஏற மறுத்த ஒரு மீன்துண்டைப் பிடிக்கத் தொடங்கினார்.

மறுநாள் முழுக்க மழை. வடக்கே போகப் போகப் பாதை மங்கியது. தேவமலர் பின்னால் இருந்து செபமாலை சொன்னாள். பாதியில் மனம் விலகிப்போய், விட்ட இடம் தெரியாமல் மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். அவருக்கு அந்த ஃபோன் நினைவிருக்கிறதா? டொக்டரிடம் கேட்டிருக்கலாம், அந்த நாளின் நினைவு மிஞ்சியிருக்குமா என்று. கேட்கப் பயமாக இருந்தது.

லான் ஆற்றங்கரைக்கு வந்தபோது மழை விட்டிருந்தது. இது முதல் இடத்தை விடச் சிறியது. சரிவில் கொஞ்சம் வண்டிகள், கீழே ஆறு. அங்கே நிரந்தரமாக ஒரு காரவன் வைத்திருந்த ஹைன்ஸ் என்பவர் லோறன்ஸைக் கண்டு எழும்பி வந்தார். நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். உயர்ந்த மனிதர். நடந்ததைக் கேட்டதும் மறைக்காமல், முகத்தைத் துடைக்காமல் அழுதார்.

“இவன்தான் எனக்கு மீன் பொரிக்கக் காட்டித் தந்தவன்,” என்றார் தேவமலரிடம். “பேசாலை, பேசாலை என்று தன் ஊரைச் சொல்லுவான். கடலில் பிறந்தவனுக்கு இந்த ஆற்று மீன் ருசியில்லையாம். மிளகாய்த்தூள் போட்டால் எதையும் தின்னலாம் என்பான். பின்னேரம் சீட்டு விளையாடுவோம். சரியாக ஏழு மணிக்குச் சீட்டை வைத்துவிட்டு எழும்பிவிடுவான். உங்களுக்கு ஃபோன் எடுக்க வேண்டும் என்று.”

“எனக்குத் தெரியும்,” என்றாள் தேவமலர்.

“வரும்போது எப்போதும் சந்தோஷமாக வருவான். மனைவி நலமா என்று கேட்டால், நிறையக் கதைத்தோம் என்பான்.”

அவள் தலையை ஆட்டினாள். ஒரு நிமிடத்துக்கு மேல் அவள் ஒருநாளும் கதைத்தது கிடையாது. மிச்ச நேரம் எங்கே நின்றிருப்பார்? ஆற்றோரமாக நடந்துவிட்டு வந்திருப்பார். நிறையக் கதைத்தது போலத் தெரிவதற்கு.

“எனக்கு ஒன்றுதான் விளங்கவில்லை,” என்றார் ஹைன்ஸ். “ஒரு நகம் உடைந்தாலும் எனக்குச் சொல்லுகிறவன். அன்றைக்கு எனக்கு ஃபோன் எடுத்திருந்தால் நான் அந்தக் காம்பிங்குக்காரனைக் கூப்பிட்டு உடனே ஆள் அனுப்பியிருப்பேன். ஒருவருக்கும் சொல்லாமல் ஏன் படுத்துக்கிடந்தான்?”

பிறின்சி பெருமூச்சு விட்டாள். தேவமலர் எழும்பி, தேநீருக்குத் தண்ணீர் வைக்கப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை நன்றாக வெளித்திருந்தது. பிறின்சி பாண் வாங்கவென்று மேலே இருந்த சின்னக் கடைக்குப் போனாள். லோறன்ஸும் தேவமலரும் வண்டிக்கு வெளியே கதிரைகளில் இருந்தார்கள். புல் நனைந்திருந்தது. அவளுடைய செருப்பு ஊறிக் கால் குளிர்ந்தது. இன்று வீட்டுக்குப் போய்விட்டால் பிறகு மருத்துவ விடுதி, வருகிறவர்கள், போகிறவர்கள். இப்படித் தனியாக இருக்கக் கிடைக்காது என்று அவள் நினைத்தாள்.

“இஞ்சேருங்கோ,” என்றாள்.

அவர் திரும்பினார்.

“அண்டைக்கு நீங்கள் கை விறைக்குது எண்டு ஃபோனில சொன்னனீங்கள். உங்களுக்கு நினைவிருக்கோ?”

“ஓம்.”

“நான் படுக்கச் சொன்னனான்.”

“ஓம்.”

“ஆக்கள் நிண்டவை. அவையளுக்கு முன்னால பகிடியாச் சொல்லிப்போட்டன். உங்களுக்கு இப்பிடி வருமெண்டு நான் நினைக்கேல்லை. சத்தியமா நினைக்கேல்லை.”

“ஓம்.”

“என்னில கோபமோ?”

“ஓம்.”

அவள் கதிரையை அவர் பக்கம் இழுத்தாள். அவருடைய முகத்தில் தேடினாள். வலது பக்கம் தொய்ந்த உதடு எல்லா நேரமும் ஒரே மாதிரித்தான் இருந்தது. கண் ஈரமாக இருந்தது. ஆனால் பக்கவாதத்துக்குப் பிறகு அந்தக் கண் எப்போதும் ஈரம்தான்.

“அப்ப மன்னிச்சிட்டியளோ?”

“ஓம்,” என்றார், அதே குரலில்.

அவள் அவருடைய இடது கையைப் பிடித்து, “கோபமெண்டா ஒருக்கா அமத்துங்கோ. இல்லையெண்டா விடுங்கோ,” என்றாள். கேட்டுவிட்டுத் தானே பயந்து, பதில் வருவதற்குள் கையை எடுத்துவிட்டாள். அவருடைய விரல்கள் மடங்கியது போலிருந்தது. அவள் எடுத்ததால் மடங்கியதா, அதற்கு முன்னரா என்று அவளால் சொல்ல முடியவில்லை. மறுபடி பிடித்துக் கேட்கத் துணிவு வரவில்லை.

கடதாசிப் பை சரசரத்தது. பிறின்சி வண்டியின் பின்பக்கத்தில் நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று அவள் முகத்தைப் பார்த்தே தெரிந்தது. வந்து மேசையில் பாணை வைத்தாள். தகப்பனுக்கு ஒன்றைப் பிளந்து பட்டர் பூசிக் கொடுத்தாள். தாய்க்கு முன்னால் பையைத் தள்ளிவைத்தாள்.

டோர்ட்மண்ட் வரும்வரைக்கும் அவள் கதைக்கவில்லை. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, தகப்பனை மேலே ஏற்றி, கட்டிலில் இருத்தி, குசினிக்குள் வந்து கதவைச் சாத்தினாள்.

“முந்தநாள் நான் கேட்ட நேரம் ஏன் அம்மா பொய் சொன்னனீங்கள்?”

“உனக்குச் சொல்லி என்ன ஆகப்போகுது பிள்ளை?”

“அப்பா அதிலயே இருந்தவர். அவருக்கு முன்னால சொன்னனீங்கள். அவரால இல்லையெண்டு சொல்ல ஏலாதெண்டு தெரிஞ்சுகொண்டு சொன்னனீங்கள்.” அவளுடைய குரல் நடுங்கியது. “ஃபோனில சொன்னதை நான் விளங்கிக்கொள்ளுவன். ஆருக்கும் வரும். இதை என்னெண்டு விளங்கிறது?”

பொய் சொன்ன நேரத்தில் தேவமலர் மகளை மட்டும்தான் நினைத்தாள். பக்கத்தில் இருந்தவரை ஒரு சாமான் போல மறந்துவிட்டாள். மூன்று வருடமாக ஊர் ஊராக அவளுக்காகப் பொய் சொல்லித் திரிந்த மனிதரை.

அன்றிலிருந்து கனகாலம் பிறின்சி தகப்பனைப் பற்றிக் கதைப்பதற்கு மட்டும்தான் தாயோடு வாய் திறந்தாள். பிறகு அது கொஞ்சம் இளகியது. முழுக்க இளகவில்லை.

வோன்மோபில் குளிர்காலம் முழுக்கத் தெருவில் நின்றது. வசந்தத்தில் பரிசோதனைக்குக் கொண்டுபோனபோது அடிப்பக்கம் துருப்பிடித்துவிட்டது, இனித் தெருவில் ஓட விட ஏலாது என்றார்கள். பழைய இரும்பு எடுக்கிறவர் வந்து இழுத்துக்கொண்டு போனார். லோறன்ஸ் யன்னலடிக்கு வரவில்லை. தொலைக்காட்சியில் ஏதோ ஓடியது, அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வருடம் தேவமலர் கார் பழகப் போனாள். ஐம்பத்தி மூன்று வயது. எழுத்துப் பரீட்சையில் முதல்தரம் தவறினாள். குசினியில் கிழங்கு உரிக்கும்போது கேள்விப் புத்தகத்தை எதிரே சாத்திவைத்துப் படித்தாள். ஓட்டப் பரீட்சையிலும் ஒருமுறை பெயில். ஒரு வழியாக லைசென்ஸ் எடுத்து, பிறின்சியின் பழைய சின்னக் காரை வாங்கிக்கொண்டாள். லோறன்ஸுக்கு அதற்குள் கொஞ்சம் சொற்கள் திரும்பியிருந்தன. தண்ணி, சூடு, பிள்ளை, நோகுது, இல்லை. ‘இல்லை’ வந்த நாளில் பிறின்சி கேக் வாங்கிக்கொண்டு வந்தாள். தேவமலரும் கைதட்டினாள். ஆனால் அவள் அந்தக் கேள்விகளை மறுபடி கேட்கவில்லை. இப்போது அவர் இரண்டு விதமாகவும் சொல்லக்கூடியவர் என்பதாலேயே கேட்க முடியாமல் இருந்தது.

2009ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, அவள் அவரை ஏற்றிக்கொண்டு லான் ஆற்றங்கரைக்குப் போனாள். ஓட்டோபான் பெருந்தெருவில் லொறிகளுக்குப் பயந்து, வலது ஓரத்தாலேயே போய், வழக்கத்தை விட இரண்டு மடங்கு நேரமெடுத்துச் சேர்ந்தாள். ஹைன்ஸின் காரவன் நின்ற இடத்தில் வேறு யாரோ கூடாரம் போட்டிருந்தார்கள். அவர் பிள்ளைகளோடு இருக்கப் போய்விட்டார் என்று கடைக்காரி சொன்னாள். ஆற்றோரத்து மர வாங்கில் இருந்து, கட்டிக்கொண்டு வந்த புட்டைச் சாப்பிட்டார்கள். தண்ணீரில் வாத்துகள் போயின. தேவமலர் அவற்றைக் காட்டினாள். அவர் பார்த்தார். பிறகு கையிலிருந்த கடதாசியை மடித்துக்கொண்டிருந்தார்.

“மேல ஒரு வாடகை அறை இருக்காம்,” என்றாள் அவள். “கேட்டனான். குளியலறையும் உள்ளுக்கை இருக்கு. இல்லாட்டியும் எனக்குப் பரவாயில்லை. இண்டைக்கு இஞ்ச தங்குவமோ? நாளைக்கு நெக்கார் பக்கம் போகலாம். எனக்கு லீவிருக்கு.”

லோறன்ஸ் சொற்களைத் தேடினார். அவர் தேடும்போது புருவம் ஏறும், கழுத்து நரம்பு புடைக்கும். அவள் பொறுத்திருந்தாள். ஏதாவது சொல்லட்டும் என்று விட்டாள்.

“வீட்டை,” என்றார். இன்னும் கொஞ்ச நேரம் எடுத்தது. “வீட்டை போவம்.”

“கொஞ்சம் இருந்திட்டுப் போவமே. இப்பதானே வந்தனாங்கள்?”

“இல்லை,” என்றார். கோபமில்லை, களைப்புத்தான்.

தேவமலர் மிச்சப் புட்டைக் கட்டிப் பையில் வைத்தாள். அவருடைய தடியை எடுத்துக் கொடுத்து, கையைப் பிடித்து எழுப்பி, சரிவில் மெல்ல ஏற்றிக் காரடிக்குக் கொண்டுபோனாள். சீற் பெல்ற்றை மாட்டிவிட்டு, ஒருதரம் ஆற்றுப் பக்கம் பார்த்தாள். இருட்டுவதற்கு முதல் போய்ச் சேர வேண்டும். இருட்டில் ஓட்டோபானில் ஓட அவளுக்கு இன்னும் பயம்தான்.